மலைநடை விழாவுக்குத் தயாராவது: எந்த நடை, எந்தப் பயிற்சி, எந்தக் காலணி?

சில நாட்கள் நீளும், நாளுக்கொரு நடைக்குப் பெயர் கொடுத்து வழிகாட்டியுடன் குழுவாக நடக்கும் மலைநடை விழாவில் கலந்துகொள்ளலாம் என்ற எண்ணம் வந்ததும் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "என்னால் ஏற முடியுமா?" என்பதுதான். ஓரளவு உடல்நலம் உள்ளவர்கள் பெரும்பாலும் ஏறிவிடுகிறார்கள். மூச்சு வாங்கினால் நிற்கலாம்; சற்று நேரத்தில் மூச்சு சீராகிவிடும், குழுவும் காத்திருக்கும். சிரமம் தொடங்குவது உச்சியில் உணவை முடித்துக்கொண்டு இறங்கும்போது. அதைவிடப் பெரிய சிரமம் மறுநாள் காலையில், படுக்கையிலிருந்து எழுந்து படியிறங்கும்போது தெரியும்.

குழுவின் கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்து, யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பலமுறை ஏற்றிருக்கிறேன். அங்கிருந்து பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரியும். ஏற்றத்தில் பின்தங்குபவர் உச்சியில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் தேறிவிடுகிறார். இறக்கத்தில் பின்தங்குபவர் உட்கார்ந்து எழுந்தாலும் தேறுவதில்லை. முன்புறமாகக் கால் வைக்க முடியாமல் பக்கவாட்டில் திரும்புவார். ஒரு கையால் பாறையைத் தேடுவார். ஒவ்வோர் அடிக்கும் தொடை வெடவெடக்கும். மூச்சில் குறை இருக்காது, மனத்தில் உறுதியும் இருக்கும். கால்தான் கேட்காது.

அதனால் இங்கே ஒப்பிடும் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளக்கிறேன்: இரண்டாம் நாள் பிற்பகல், கடைசி இறக்கத்தில், இந்தத் தேர்வு எனக்குத் துணையாக இருக்குமா, பாரமாக இருக்குமா?

தூரம் அதிகமான நடையா, ஏற்றம் அதிகமான நடையா?

விழா அட்டவணையில் ஒவ்வொரு நடைக்கும் 'எளிது', 'நடுத்தரம்', 'கடினம்' என்று ஒரு தரம் போட்டிருப்பார்கள். அதை மட்டும் பார்த்துப் பெயர் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு விழாவும் தனக்கென ஓர் அளவு வைத்திருக்கும். மலையேறிப் பழகியவர் 'நடுத்தரம்' என்று எழுதியது புதியவருக்குக் கடினமாக இருக்கலாம். நம்ப வேண்டியவை இரண்டு எண்கள்: மொத்தத் தூரம், மொத்த ஏற்றம். ஏற்றம் குறிப்பிடப்படவில்லை என்றால் அமைப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

அந்த எண்களை நேரமாக மாற்ற ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் வகுத்தது. இன்றைய அளவுகளில் சொன்னால், ஒவ்வொரு 5 கி.மீ. தூரத்துக்கும் ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம்.

இரண்டு நடைகளை எடுத்துக்கொள்வோம். முதல் நடை 14 கி.மீ. தூரம், 800 மீட்டர் ஏற்றம். இரண்டாவது 18 கி.மீ. தூரம், 300 மீட்டர் ஏற்றம். கணக்குப் போட்டால் முதலாவதற்கு 4 மணி 8 நிமிடம், இரண்டாவதற்கு 4 மணி 6 நிமிடம். காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான். காலுக்கு இரண்டும் ஒன்றல்ல. புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் நடையில் ஏறிய ஒவ்வொரு மீட்டரையும் இறங்கியாக வேண்டும். நெய்ஸ்மித்தின் கணக்கு இறக்கத்துக்கு எதையும் சேர்ப்பதில்லை. பின்னால் எரிக் லாங்முயர் என்ற மலையேறி அதைத் திருத்தி, செங்குத்தான இறக்கம் என்றால் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 10 நிமிடம் கூட்டச் சொன்னார். அந்த இறக்கம் முழுவதும் செங்குத்தாக இருந்தால் முதல் நடை ஏறக்குறைய அரை மணி நேரம் நீளும். நிற்கும் நேரம் இரண்டு கணக்கிலும் கிடையாது. இருபது பேர் கொண்ட குழு வேலிக்கதவைக் கடக்கவும், ஓடையைத் தாண்டவும், வழிகாட்டி காட்டும் பறவையைப் பார்க்கவும், உணவுக்கு உட்காரவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் நான்கு மணி நேரம் எளிதாக ஆறு மணி நேரமாகிவிடும்.

இரண்டில் எது? தினமும் சமதளத்தில் நெடுந்தூரம் நடப்பவர், ஆனால் மேடு பள்ளம் பழகாதவர் என்றால் 18 கி.மீ. நடைக்கே என் வாக்கு. தூரம் பாதத்தையும் இடுப்பையும் களைக்க வைக்கும். அந்தக் களைப்பு இரவுத் தூக்கத்தில் பெரும்பாலும் போய்விடும். 800 மீட்டர் இறக்கம் பழகாத தொடையில் ஏற்படுத்தும் வலி அப்படி ஓரிரவில் போகாது. நெடுந்தூரம் நடந்தால் பாதத்தில் கொப்புளம் வரும் ஆனால் படிக்கட்டில் முழங்கால் தொல்லை தராது என்பவர், தாராளமாக முதல் நடையை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் உறுதியில்லாதவர் முதல் நாளுக்குத் தன் மதிப்பீட்டைவிட ஒரு படி குறைந்த நடையைத் தேர்வது நல்லது. மெதுவாக நடப்பவருக்காகக் குழு வேகத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் பொழுது சாயும் நேரத்தையோ மேகம் திரளும் நேரத்தையோ வழிகாட்டியால் தள்ளிப்போட முடியாது.

ஒரு பெரிய நாளா, தொடர்ந்து எல்லா நாட்களுமா?

மூன்று நாள் விழா என்றால் மூன்று நாளும் நடக்க வேண்டும் என்ற ஆசை இயல்பு. எந்த நாளில் எதை வைப்பது என்பதில்தான் கவனம் தேவை. பழக்கமில்லாத இறக்கத்தால் வரும் தசைவலி உடனே தெரியாது. மறுநாள் தலைகாட்டி, பொதுவாக 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். அதாவது முதல் நாளே மிகக் கடினமான நடையை முடித்தவருக்கு இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் மோசமான நாட்கள்.

ஆனாலும் கடினமான நடையைக் கடைசியில் வைப்பதுதான் எப்போதும் சரி என்று சொல்ல மாட்டேன். எதற்காகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. ஒரு குறிப்பிட்ட சிகரத்துக்காகவே விழாவுக்குப் போகிறீர்கள் என்றால் அதை முதல் நாளே முடித்துவிடுங்கள். கால் புதிதாக இருக்கும். வானிலை கெட்டு நடை தள்ளிப்போனாலும் கையில் இன்னும் நாட்கள் இருக்கும். மறுநாள் எளிய பள்ளத்தாக்கு நடை போதும். வலிக்கிற காலுக்கு மெதுவான நடை, அறையில் முடங்கிக் கிடப்பதைவிட இதமாகவே இருக்கும். விழா முழுவதையும் அனுபவிப்பதே நோக்கம் என்றால் முதல் நாள் நடுத்தரம், இரண்டாம் நாள் எளிது, மூன்றாம் நாள் கடினம் என்ற வரிசை எனக்குப் பிடித்தது. மூன்று நாளும் கடினமானதையே பதிவு செய்வது, தொடர் நாட்களில் மலையில் நடந்து பழகியவர்களுக்கு மட்டும் பொருந்தும்.

பயிற்சி: சமதளம், படிக்கட்டு, டிரெட்மில், மலை

எட்டு வாரம் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தசை வலுப்பட அது நியாயமான கால அளவு. நான்கு வாரம்தான் இருக்கிறது என்றாலும் மனம் தளர வேண்டாம். தேர்ந்த நடையை ஒரு படி குறைத்துக்கொண்டு இதே பயிற்சியைச் செய்யுங்கள்.

சமதள நடை எல்லோராலும் முடிந்தது, பாதத்தைப் பக்குவப்படுத்துவது, காலணியின் குறைகளைக் காட்டிக்கொடுப்பது. அடித்தளமாக அது வேண்டும். அதை மட்டும் நம்பிப் போவது போதாது. தினமும் பத்தாயிரம் அடி நடக்கிறேன் என்று நம்பிக்கையோடு வருபவர்கள் உச்சிவரை முன்வரிசையில் இருந்துவிட்டு, இறக்கத்தில் என் பக்கத்துக்கு வந்து சேருவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பழக்கத்தில் குறையில்லை. அந்தப் பழக்கத்தில் இறக்கம் என்பதே இல்லை.

சாய்வு வைத்த டிரெட்மில் இதயத்தையும் நுரையீரலையும் நன்றாகத் தயார்செய்யும். நேரத்தையும் சாய்வையும் துல்லியமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். ஆனால் வழக்கமான டிரெட்மில் மேல்நோக்கி மட்டுமே சாயும். மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருப்பீர்கள், ஓர் அடிகூட இறங்கியிருக்க மாட்டீர்கள். கைப்பிடியில் சாய்ந்துகொண்டு நடந்தால் ஏறிய பலனிலும் பாதி போய்விடும்.

படிக்கட்டுதான் இவற்றில் நான் முதலிடம் கொடுப்பது. காரணம் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியது. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கி, விழாமல் பிடித்து நிறுத்துகிறது. நீண்டுகொண்டே சுமை தாங்கும் இந்த வேலைதான் தசையிழைகளில் நுண்ணிய சேதத்தையும் அடுத்த நாள் வலியையும் உண்டாக்குகிறது. ஒருமுறை அந்த வேலையைச் செய்த தசை, அடுத்தமுறை அதே வேலையில் மிகக் குறைவாகவே பாதிக்கப்படும் என்பது இதன் நல்ல பக்கம். அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நீடிக்கும். விழாவில் வரவிருக்கும் வலியை முன்கூட்டியே சிறு தவணைகளாக வாங்கிக் கழித்துவிடலாம் என்று பொருள்.

2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. உடல்பருமன் கொண்ட முதிய பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, 12 வாரம் ஒரு குழுவைப் படியேறவும், இன்னொரு குழுவை லிஃப்டில் மேலே போய்ப் படியிறங்கவும் செய்தார்கள். தொடை வலிமை அதிகமாகக் கூடியது இறங்கிய குழுவில்தான். நாம் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர்மாறு: உடற்பயிற்சி என்று படியேறிவிட்டு, முடிந்தது வேலை என்று லிஃப்டில் இறங்கிவிடுகிறோம்.

ஒரு தளம் சுமார் 3 மீட்டர் உயரம் என்றால் பத்து மாடிக் கட்டடம் 30 மீட்டர். எட்டுமுறை ஏறி இறங்கினால் 240 மீட்டர். மேலே சொன்ன 800 மீட்டர் நடையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. எண்ணைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். படிக்கட்டில் மலை முழுவதையும் ஏற வேண்டியதில்லை. தசைக்கு அந்த வேலையை அறிமுகப்படுத்தினால் போதும். முதல் வாரம் மூன்று நான்கு சுற்று, அடுத்த நாள் தொடையில் லேசான வலி தெரிகிற அளவு. வலி அடங்கிய பின் மீண்டும். வாரத்தில் இரண்டு நாள் போதும். நான்காவது வாரத்திலிருந்து முதுகுப்பையில் தண்ணீர் புட்டிகளை வைத்துக்கொண்டு ஏறுங்கள். முழங்கால் அவ்வளவு உறுதியில்லை என்று நினைப்பவர்கள், மேலே போனதும் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுச் சுமையில்லாமல் இறங்கலாம்.

உயரமான கட்டடமே கிடைக்காது என்பவர்களுக்கு ஒற்றைப் படி போதும். ஏறத்தாழ 20 செ.மீ. உயரப் படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நில்லுங்கள். மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும்வரை, மூன்று வரை எண்ணி மெதுவாக உடலைத் தாழ்த்துங்கள். தொட்டதும் எழுங்கள். எதிரே கண்ணாடி வைத்து நிற்கும் காலின் முழங்காலைக் கவனியுங்கள். அது பாதத்தின் நேரே நிற்காமல் உள்பக்கம் சரிந்தால், இறக்கத்தில் உங்களுக்குத் தொல்லை தரப்போகும் இடம் அதுதான். படியின் உயரத்தைக் குறைத்து, சரியாமல் செய்யும்வரை அங்கேயே நில்லுங்கள். பத்து முறை, இரண்டு கால்களுக்கும். பல் துலக்கும் நேரத்தில்கூடச் செய்துவிடலாம்.

மலையே பக்கத்தில் இருப்பவருக்கு இந்த ஒப்பீடு எதுவும் வேண்டாம், மலைக்குப் போங்கள். கரடுமுரடான தரையில் பாதம் வைக்கும் இடத்தைக் கண் தேர்வதும் கால் அதை நம்புவதும் வேறெங்கும் கற்க முடியாத திறமைகள். வாரம் ஒருமுறைதான் மலைக்குப் போக முடியும் என்றால் அந்த ஒருநாளை மலைக்கும், வார நாட்களைப் படிக்கட்டுக்கும் பிரித்துக்கொள்ளலாம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒரு ஒத்திகையை விட்டுவிடாதீர்கள். விழாவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு, அடுத்தடுத்த இரண்டு நாள், விழாவில் அணியப்போகும் காலணியோடும் சுமக்கப்போகும் பையோடும் நீண்ட நடை நடந்துபாருங்கள். முதல் நாள் எதையும் சொல்லாது. இரண்டாம் நாள் எல்லாவற்றையும் சொல்லிவிடும்: எந்தத் தையல் உறுத்துகிறது, எந்தப் பட்டை தோளை அறுக்கிறது, எந்த முழங்கால் முதலில் முனகுகிறது என்று. கடுமையான இறக்கப் பயிற்சியைப் பத்து நாளுக்கு முன்பே நிறுத்திவிட்டு, கடைசி வாரம் லேசாக நடந்தால் போதும். கடைசி நேரத்தில் பயத்தில் செய்யும் கடும் பயிற்சி, வலியோடு விழாவுக்கு அனுப்பி வைக்கும்.

இதய நோய், நடக்கும்போது நெஞ்சுவலி, அண்மையில் முழங்கால் அறுவை சிகிச்சை இவற்றில் ஏதேனும் இருந்தால் பயிற்சி தொடங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். விழா நாளில் வழிகாட்டியிடமும் தனியாகச் சொல்லிவையுங்கள். அவர் அதை வைத்து உங்களை ஒதுக்க மாட்டார், எங்கே நிற்க வேண்டும் என்பதைத் திட்டமிடுவார்.

கணுக்காலை மூடும் பூட்ஸா, தாழ்ந்த ஷூவா?

இதைப்போல் காரசாரமாக விவாதிக்கப்படும் தேர்வு வேறு கிடையாது. பூட்ஸ் கணுக்காலைக் காக்கும் என்பது அதன் தரப்பின் முதல் வாதம். அதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. 1993-ல் கூடைப்பந்து வீரர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், உயரக் காலணி அணிந்தவர்களுக்கும் தாழ்ந்த காலணி அணிந்தவர்களுக்கும் கணுக்கால் சுளுக்கில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. மலை வேறு, ஆடுகளம் வேறு. ஆனாலும் 'உயரமாக இருந்தால் பாதுகாப்பு' என்ற எண்ணத்தை அப்படியே ஏற்க முடியாது என்பதற்கு இது போதும். பூட்ஸின் உண்மையான நன்மைகள் வேறு: கல் இடித்தால் கணுக்கால் எலும்பு தப்பும், சேற்றில் அமிழ்ந்தாலும் உள்ளே புகாது, கூர்மையான சரளையில் கடினமான அடிப்பகுதி பாதத்தைக் காக்கும், பாரமான பையோடு நிலையாக நிற்கலாம்.

ஷூவின் தரப்பில் முதலில் வருவது எடை. காலில் கட்டிய எடையைச் சுமக்க, அதே எடையை முதுகில் சுமப்பதைப்போல நான்கு முதல் ஆறு மடங்கு ஆற்றல் செலவாகும் என்று ராணுவ வீரர்களின் நடையை அளந்த பழைய ஆய்வுகள் காட்டின. ஆயிரக்கணக்கான முறை தூக்கி வைக்கும் பாதத்தில் இருநூறு கிராம் குறைவது மாலைக்குள் உணரக்கூடிய வேறுபாடு. அடுத்தது, நனைந்தால் உலரும் வேகம். நீர்புகாத சவ்வு வைத்த பூட்ஸுக்குள் மேல்வழியாகத் தண்ணீர் இறங்கிவிட்டால் அது வெளியேறவும் வழியில்லை. மறுநாள் காலையும் ஈரமாகவே இருக்கும். வலைத்துணி ஷூ நடக்க நடக்கவே உலரத் தொடங்கும்.

ஆகவே சீரான பாதை, வறண்ட பருவம், சிறிய பை என்றால் நல்ல பிடிமானம் உள்ள ஷூ. சேறு, சரளை, குளிர், பாதையில்லாத மேடு என்றால் பூட்ஸ். ஆனால் அமைப்பாளர் அறிவிப்பில் பூட்ஸ் கட்டாயம் என்று எழுதியிருந்தால் அங்கே விவாதத்துக்கு இடமில்லை. ஷூவோடு வருபவரைப் புறப்படும் இடத்திலேயே திருப்பி அனுப்பும் உரிமை வழிகாட்டிக்கு உண்டு.

எதை வாங்கினாலும் மாலையில் போய் வாங்குங்கள்; பாதம் சற்று வீங்கியிருக்கும். மலையில் அணியும் காலுறையோடு போட்டு, சாய்வில் கீழ்நோக்கி நின்று பாருங்கள். கட்டைவிரல் முன்புறம் இடித்தால் அந்தக் காலணி இறக்கத்தில் நகத்தைக் கருக்கிவிடும், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

புதியதா, அலமாரியில் இருக்கும் பழையதா என்பதும் ஒரு தேர்வுதான். புதியதைப் பழக்காமல் விழாவுக்கு அணியக் கூடாது என்பது எல்லோரும் அறிந்தது. பழையதன் ஆபத்து பலருக்குத் தெரியாது. பல காலணிகளின் அடிப்பகுதிக்குள் பாலியூரித்தேன் நுரை இருக்கிறது. காற்றின் ஈரம் அதைப் பல ஆண்டுகளில் மெல்லச் சிதைக்கிறது. அணியாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சிதையும். வெளியே புத்தம் புதிது போலத் தெரியும் பூட்ஸ், மலையில் ஒரு மணி நேரம் நடந்ததும் குதிகால் பக்கம் வாயைத் திறக்கும். விரலால் தொட்டால் நுரை உதிரும். வழியில் கயிறும் ஒட்டுநாடாவும் சுற்றி ஒருவரைக் கீழே கொண்டுவந்து சேர்ப்பது, குழுவின் வாலில், அதாவது கடைசியில், நடப்பவர்களுக்குப் பழகிய வேலை. நெடுநாள் சும்மா இருந்த காலணியை விழாவுக்கு முன் வளைத்து, அழுத்தி, சில மணி நேரம் நடந்து சோதித்துவிடுங்கள்.

ஊன்றுகோல் வேண்டுமா?

வேண்டும் என்பதே என் பதில். 1999-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, செங்குத்தான சரிவில் இரண்டு கோல்களோடு இறங்கியவர்களின் முழங்காலில் விழும் சுமை 12 முதல் 25 விழுக்காடுவரை குறைந்ததை அளந்து காட்டியது. இறக்கமே நம் கவலை என்னும்போது இதைவிட மலிவான உதவி இல்லை. எதிர்த்தரப்பின் வாதங்களிலும் உண்மை உண்டு: கைகளும் வேலை செய்வதால் ஏற்றத்தில் ஆற்றல் சற்றுக் கூடுதலாகச் செலவாகும், கைபிடித்து ஏறும் பாறையில் அவை தொல்லை, நெருக்கமாக நடக்கும் குழுவில் பின்னால் வருபவரின் முகத்துக்கு நேரே முனை ஆடும். மடக்கிப் பைக்குள் வைக்கக்கூடியதை வாங்கினால் இவை பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒற்றைக் கோல் சமநிலைக்கு உதவும். முழங்கால் சுமையைக் குறைக்க இரண்டும் வேண்டும். சமதளத்தில் முழங்கை செங்கோணத்தில் மடங்கும் நீளம் சரி. இறங்கும்போது அதைவிடச் சற்று நீட்டிக்கொள்ளுங்கள். பயிற்சியின்போதே பழகிக்கொள்ளுங்கள், கோலைப் பிடித்துக்கொண்டு நடப்பதும் ஊன்றி நடப்பதும் ஒன்றல்ல.

ஆடையும் தண்ணீரும்

தனியாக நடப்பவரைவிட, வழிகாட்டியுடன் குழுவாக நடப்பவருக்குக் கதகதப்பான ஆடை ஒன்று கூடுதலாக வேண்டும். இதை அனுபவசாலிகளே மறந்துவிடுகிறார்கள். தனியாகப் போகும்போது வேர்த்தால் நடந்துகொண்டே இருக்கலாம். குழுவில் அப்படியில்லை. வேர்க்க விறுவிறுக்க மேட்டில் ஏறி முடித்ததும், கடைசி ஆள் வரும்வரை காற்றடிக்கும் முகட்டில் நிற்க வேண்டும். வழிகாட்டி பாறையின் வரலாறு சொல்வார், மேலும் பத்து நிமிடம். ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது, காற்று வேறு. நனைந்த பருத்தி உடலோடு ஒட்டி வெப்பத்தை உறிஞ்சும். உள்ளே வேர்வையை வெளியேற்றும் செயற்கை இழை அல்லது மெல்லிய கம்பளி, பையில் ஒரு கதகதப்பான மேலாடை, மழை வராது என்று தோன்றினாலும் ஒரு மழைக்கோட்டு. தடித்த ஒற்றை ஜாக்கெட்டா, மெல்லிய இரண்டு மூன்று அடுக்குகளா என்றால் அடுக்குகளே மேல்.

தண்ணீருக்குப் புட்டியா, குழாய் வைத்த பையா என்பதில் நான் அதிகம் வாதாட மாட்டேன். குழாய் இருந்தால் நடந்துகொண்டே குடிக்கலாம், குழுவை நிறுத்த வேண்டாம். புட்டியில் மிச்சம் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும். தாகத்துக்குக் குடியுங்கள், அளவு மீறித் திணித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகலாம்.

தனியாகவா, நண்பரோடா?

நண்பரோடு போவதில் மகிழ்ச்சி உண்டு, ஓர் இக்கட்டும் உண்டு. இருவரின் திறனும் ஒன்றாக இருக்காது. வலிமை குறைந்தவர் தன் அளவை மீறிப் பெயர் கொடுப்பது பெரும்பாலும் இந்த நட்பால்தான். மலைநடை விழாவில் தனியாக வருபவருக்குத் துணை தானாக அமையும். ஒரே வேகத்தில் நடப்பவர்கள் முதல் மணி நேரத்திலேயே சேர்ந்துவிடுகிறார்கள். கணவன் மனைவியோ நண்பர்களோ வெவ்வேறு தர நடைகளுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, மாலையில் சந்தித்துக் கதை பேசுவதை நான் மனமாரப் பரிந்துரைப்பேன்.

குழுவில் நடக்கும்போது தயக்கம்தான் பெரிய எதிரி. பாதத்தில் ஓரிடம் சூடாக உறுத்தத் தொடங்கினால் அது கொப்புளத்தின் முதல் அறிகுறி. அப்போதே நின்று ஒரு பிளாஸ்திரி ஒட்டினால் இரண்டு நிமிடத்தில் முடிகிற காரியம். மற்றவர்களை நிறுத்தக் கூடாதே என்று பொறுத்துக்கொண்டு நடந்தால், இரண்டு மணி நேரம் கழித்து முழுக் குழுவும் உங்கள் நொண்டல் வேகத்தில் நடக்க வேண்டியிருக்கும்.

பதிவு செய்ததைக் கைவிடுவதா, எப்படியாவது நடப்பதா?

இரண்டாம் நாள் காலையில் பலர் முன்னால் நிற்கும் தேர்வு இது. வெறும் தசைவலி என்றால், தொடை இறுகியிருக்கும், இரண்டு பக்கமும் ஒரேபோல வலிக்கும், கொஞ்சம் நடந்ததும் தளரும். அதோடு எளிய நடைக்குப் போகலாம். ஒரு மூட்டில் மட்டும் குத்தும் வலி, வீக்கம், காலை ஊன்ற முடியாமை என்றால் அன்று ஓய்வுதான். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் இருப்பவர்கள், தரம் குறைந்த நடைக்கு மாற முடியுமா என்று முந்தைய மாலையிலேயே அமைப்பாளரிடம் கேட்டுவிடுவது நல்லது. ஒவ்வொரு நடைக்கும் இடங்கள் எண்ணிக்கையோடுதான் இருக்கும். நீங்கள் விடும் இடத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் ஒருவர் இருக்கக்கூடும், சொல்லாமல் வராமல் இருந்தால் அது வீணாகிவிடும்.

நடையின் நடுவில் முடியவில்லை என்றாலும் வழி உண்டு. பல பாதைகளில் பாதியிலேயே சாலைக்கு இறங்கும் இடம் இருக்கும். அது எங்கே என்று புறப்படும் முன்பே வழிகாட்டியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்: யாரிடமும் சொல்லாமல் குழுவைவிட்டு விலகிப் போவது. வழிகாட்டி புறப்படும்போதும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலைகளை எண்ணுகிறார். ஓர் ஆள் குறைந்தால் மீதமுள்ள எல்லோரும் அங்கேயே நிற்பார்கள். வாலில் நடப்பவர் திரும்பி, வந்த வழியெல்லாம் மறுபடி ஏறித் தேடுவார், நீங்கள் அறையில் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில்.